கடல் நீரில் கல்சியம் அளந்த கதை

 

ஹட்டன், நுவரெலியா பக்கம் வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்து, அதற்குள் பவளமும் வளர்க்கும் இளைஞர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான் வருகிறது: "சேர், ஒரு கிட்டில் கல்சியம் 370 காட்டுது, மற்றதில் 430. எதை நம்புறது?" இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இந்த எண்ணை எப்படி அளக்கக் கற்றார்கள் என்ற கதை தெரிந்தால் பதில் தானாக வரும். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்குக் கதையும் அல்ல. என் பழைய மாணவர் ஒருவர் 370 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து கல்சியம் குளோரைட்டுத் தூளை அள்ளிப் போட்டார். அடுத்த நாள் காரத்தன்மைத் தூளையும் போட்டார். தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் போல் ஆனது. ஹீட்டரில் சுண்ணாம்பு ஓடு பிடித்தது. எட்டு மாதம் சேர்த்த காசு ஒரு கிழமையில் போய்விட்டது. அவருடைய தண்ணீரில் கல்சியம் குறையவே இல்லை. குறைந்திருந்தது வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் மலைநாட்டுத் தண்ணீரில் கல்சியம் மிகக் குறைவு. எத்தனை வருடம் பாவித்தாலும் நம் கேத்தலின் அடியில் வெள்ளை படிவதில்லை. புத்தளம், கற்பிட்டி, யாழ்ப்பாணம் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே சில மாதங்களிலேயே கேத்தலுக்குள் ஓடு பிடித்துவிடும். அவர்களுடைய நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். நம்முடையது நைஸ் பாறை. நம் தண்ணீரில் சவர்க்காரம் உடனே நுரைக்கும், அங்கே நுரைக்க மறுக்கும்.

இந்த நுரையையே அளவுகோலாக மாற்றியவர் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் இரசாயனப் பேராசிரியராக இருந்த தோமஸ் கிளார்க். கல்சியத்தை ஹம்ப்ரி டேவி 1808இல் மின்சாரம் பாய்ச்சித் தனியாகப் பிரித்துவிட்டார். ஆனால் குடிநீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று அறிய எளிய வழி இல்லை. கிளார்க் 1841இல் சவர்க்காரக் கரைசலைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குலுக்கினார். நிலைத்து நிற்கும் நுரை வரும்வரை எவ்வளவு சவர்க்காரம் செலவானது என்று கணக்கெடுத்தார். இன்று நம் கையில் இருக்கும் டெஸ்ட் கிட்டின் பாட்டனார் இதுதான்: ஒன்றைத் துளித்துளியாகச் சேர், மாற்றம் தெரியும் இடத்தில் நிறுத்து, செலவானதை வாசி. உயர்தர மாணவர்களுக்கு இது நியமிப்பு.

கடல் நீரில் கிளார்க்கின் வித்தை எடுபடாது. கடலில் சவர்க்காரம் போட்டுக் குளிக்கப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மேலும் சவர்க்காரத்துக்குக் கல்சியமும் மகனீசியமும் ஒன்றுதான், இரண்டும் அதைக் கெடுக்கும். சாதாரண கடல் நீரில் ஒரு கிலோவுக்குக் கல்சியம் ஏறத்தாழ 412 மில்லிகிராம், மகனீசியம் ஏறத்தாழ 1,280. அதாவது நாம் தேடும் ஆளுக்குப் பக்கத்தில் அவரைப் போலவே உடுத்த மூன்று பேர் நிற்கிறார்கள்.

கடலுக்கான பதிலைத் தந்தது ஒரு கப்பல். பிரித்தானியாவின் 'சலஞ்சர்' 1872இல் புறப்பட்டு 1876இல் திரும்பியது, உலகக் கடல்களின் நீரைப் போத்தல்களில் அடைத்துக்கொண்டு. அவற்றில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுப்பாய்வு செய்து 1884இல் வெளியிட்டார். டென்மார்க்கின் போர்க்ஹாமர் 1865இலேயே சொன்னதை அவர் உறுதி செய்தார்: கடலுக்குக் கடல் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அந்த உப்புக்குள் முக்கியமான பொருட்களின் விகிதம் ஏறத்தாழ மாறாது.

தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கள். விகிதம் மாறாது என்றால், உவர்த்தன்மை 35 ஆக இருக்கும்போது 412 ஆக உள்ள கல்சியம், உவர்த்தன்மை 32 ஆனால் 377 ஆகிவிடும். யாரும் கல்சியத்தைத் திருடவில்லை. தண்ணீர் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

நம் ஊரில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது? உப்பை அளக்கப் பாவிக்கும் ஹைட்ரோமீட்டர்கள் பல 25 பாகை செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை. நுவரெலியாவில் வாளியில் கலக்கும் தண்ணீர் 15 பாகையில் இருக்கும். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. ஆகவே மிதவை உயர்ந்து நின்று, உவர்த்தன்மையை மூன்று அலகுக்குக் கிட்ட கூட்டிக் காட்டும். "உப்புக் கூடிப்போச்சு" என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். சரியாக 35 என்று ஊசி சொல்லும்போது உண்மையில் 32 தான் இருக்கும். என் மாணவரின் 370 இப்படி வந்தது. கொழும்பில் இருக்கும் ஒருவர் அதே உப்பை அதே கருவியால் அளந்தால் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. இணையத்தில் வாசிக்கும் ஆலோசனை எதுவும் நம் குளிரை நினைத்து எழுதப்பட்டதல்ல. கலக்கிய நீரை 25 பாகைக்குச் சூடாக்கிவிட்டு உப்பை அளவுங்கள். கல்சியப் போத்தலை அதற்குப் பிறகு திறக்கலாம்.

சரி, டிட்மார் காலத்தில் கல்சியத்தை எப்படிப் பிரித்தார்கள்? ஒட்சலேற்றுச் சேர்த்தால் கல்சியம் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். அதை வடித்து, எரித்து, சுண்ணாம்பாக்கி நிறுப்பார்கள். ஆனால் மகனீசியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் வீழ்படிவை மறுபடி கரைத்து மறுபடி இறக்க வேண்டும். ஒரு எண்ணுக்காக மணித்தியாலக்கணக்கில் வேலை. இந்த இரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். கவ்வாத்து வெட்டிய மலையில் புளிப்புக் கூடிய மண்ணைத் திருத்தப் போடும் டொலமைட்டில் கல்சியமும் மகனீசியமும் ஒரே பளிங்குக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

விடிவு துணிச் சாயப் பட்டறை வழியாக வந்தது. தண்ணீரிலுள்ள கல்சியம் சாயத்தைக் கெடுக்கும். அதைப் பிடித்துவைக்க ஜேர்மனியில் வெளியிலிருந்து வரும் சித்திரிக் அமிலத்தை நம்பியிருந்தார்கள். அதற்கு மாற்றாக பெர்டினண்ட் மூன்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1935 அளவில் உருவாக்கிய பொருள்தான் ஈ.டீ.டீ.ஏ. நண்டு தன் கால்களால் இரையைச் சுற்றிப் பிடிப்பது போல இது ஓர் உலோக அயனைச் சுற்றிப் பிடிக்கும். ஒன்றுக்கு ஒன்று, கணக்குப் பிசகாது. 1940களின் நடுப்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் கெரோல்ட் சுவார்சன்பாக் இதை அளக்கும் கருவியாக மாற்றினார். கல்சியத்தோடு சேர்ந்தால் ஒரு நிறம், கல்சியம் கைவிட்டால் வேறொரு நிறம் காட்டும் சாயங்களை அவர் காட்டிகளாகப் பாவித்தார். மணித்தியாலக்கணக்கான வேலை ஐந்து நிமிடமானது.

மகனீசியத்தை என்ன செய்வது? காரத்தை நிறையச் சேர்த்தால் மகனீசியம் ஐதரொட்சைட்டாகி ஒதுங்கிவிடும். உங்கள் கிட்டில் தூளோ காரத் துளியோ போட்டதும் நீர் லேசாகக் கலங்குகிறதே, அதுதான் மகனீசியம் வெளியேறும் காட்சி. 1956இல் பற்றனும் ரீடரும் இந்தக் காரநிலையில் கல்சியத்துக்கென்றே வேலை செய்யும் காட்டி ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். 1968இல் ஜப்பானின் சுனோகாயி குழுவினர், மகனீசியத்தை விடக் கல்சியத்தை மிக இறுக்கமாகப் பிடிக்கும் ஈ.ஜீ.டீ.ஏ.யைக் கொண்டு, மகனீசியம் மிகுந்த நீரில் கல்சியத்தை அளந்து காட்டினார்கள். வீட்டுக் கிட்கள் பெரும்பாலும் சூரிச் வழியிலேயே நிற்கின்றன. மலிவு, எளிது. ஆனால் ஒதுங்கும் மகனீசியம் தன்னோடு கொஞ்சம் கல்சியத்தையும் சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். நீலம் வந்து அரை நிமிடத்தில் மறுபடி ஊதாவாவது இதனால்தான். நன்றாகக் கலக்காமல் அவசரப்பட்டால் எண் குறைவாக வரும்.

தொட்டிக்குள் பவளம் வளர்ப்பதே புதிய பழக்கம். ஜகார்த்தாவின் லீ சின் எங் உயிருள்ள பாறைத் துண்டுகளோடு கடல் தொட்டி வைத்ததைப் பற்றி எழுதியது 1961இல். தொட்டிக்குச் சுண்ணாம்பு நீர் ஊற்றும் முறையைப் பீட்டர் வில்கன்ஸ் 1970களில் ஐரோப்பாவில் பரப்பினார். காபனீரொட்சைட்டைச் சோதிக்க வகுப்பில் ஊதிப் பால் நிறமாக்குகிறோமே, அதே சுண்ணாம்பு நீர். எனக்கு இதில் ஒரு வேதனை உண்டு. நம் தென்மேற்குக் கரையில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கியே வீடு கட்டினோம். அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடையில் மட்டும் வருடத்துக்கு 18,000 தொன் அளவு சூளைகளுக்குப் போவதாக 1984இல் கணக்கெடுத்தார்கள். 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு வந்த திருத்தமும் வந்த பிறகே அது மெல்லக் குறைந்தது. சூரா அர்ரஹ்மானில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மர்ஜானைப் பிள்ளைகளுக்குப் பெயராக வைக்கிறோம், கல்லைச் சுவரில் வைத்துப் பூசினோம்.

இனி எண்ணுக்கு வருவோம். பவளம் எலும்பு கட்டும்போது காரத்தன்மையும் கல்சியமும் சேர்ந்து குறையும். ஆனால் காரத்தன்மை 2.8 ஜேர்மன் பாகை இறங்கும் நேரத்தில் கல்சியம் இறங்குவது வெறும் 20 மில்லிகிராம். சில கிட்களில் ஒரு துளியே 20! ஆகவே கல்சியத்தை நாள்தோறும் அளந்து பதறுவதில் பொருளில்லை. துளி ஒன்று பெரிதாக விழுந்தாலே அது "மாற்றம்" ஆகிவிடும். நாளாந்தம் பார்க்க வேண்டியது காரத்தன்மை. கல்சியத்தைக் கிழமைக்கு ஒருமுறை, ஆனால் ஒழுங்காகப் பாருங்கள்.

ஒழுங்கு என்றால் உயர்தரச் செய்முறையில் சொல்லிக்கொடுப்பதுதான். மாதிரி எடுக்கும் ஊசிக்குழலைத் தொட்டி நீராலேயே இரண்டு முறை அலசுங்கள். குப்பியைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். சோதனைக் கரைசல் உறிஞ்சும் குழலில் முனையைப் பொருத்தினால் உள்ளே கொஞ்சம் காற்று நிற்கும், அது பரவாயில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் திரவ மட்டத்தைப் பார்க்காமல், உள்ளே நகரும் அடைப்பின் ஒரே விளிம்பைப் பாருங்கள். துளி போடும் போத்தலை நேராகக் கவிழ்த்துப் பிடியுங்கள், சரித்தால் துளியின் அளவு மாறும். நிறத்தைத் தொட்டியின் நீல விளக்கின் கீழ் பார்க்கவே வேண்டாம், ஜன்னல் பக்கம் போங்கள். பனி மூடிய நாளானாலும் பகல் வெளிச்சம் மேல். கடைசி ஊதாவும் போய் நீலம் அப்படியே நிற்கும் துளிதான் முடிவு.

இரண்டு கிட் இரண்டு எண் காட்டினால் மூன்றாவது கிட் வாங்காதீர்கள். தெரிந்த எண் உள்ள கரைசல் ஒன்றில் இரண்டையும் சோதியுங்கள். தூய, உலர்ந்த கல்சியம் காபனேற்று சரியாக ஒரு கிராம் நிறுத்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நுரைப்பது நின்று கரைந்ததும் நிறுத்த வேண்டும். அமிலம் மிஞ்சினால் கிட்டின் காரத்தைத் தின்றுவிடும். பிறகு 13 கிராம் எப்சம் உப்பும் சேர்த்து ஒரு லீற்றராக்கினால், கல்சியம் 400, மகனீசியம் கடலைப் போல. அதில் கிட் 360 காட்டினால் பத்தில் ஒன்று குறைத்துச் சொல்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதே கிட்டைத் தொடர்ந்து பாவிக்கலாம்.

அமில வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். இந்தத் தவணை எங்கள் உயர்தரப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் இரண்டு லீற்றர் தயாரித்து வைத்திருக்கிறார்கள். தேவையானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். 50 மில்லிலீற்றர் போதும். போத்தலைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். ஹைட்ரோமீட்டரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், அதையும் 25 பாகையில் ஒருமுறை பார்த்துவிடலாம்.