பாஷ்ஃபோர்டு டீன்

பாஷ்ஃபோர்டு டீன் (1867–1928) அமெரிக்க விலங்கியல் பேராசிரியர், மீனியல் அறிஞர், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் படைக்கலன்கள், கவசங்கள் பிரிவின் முதல் காப்பாட்சியர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கான தலைக்கவசங்களையும் உடற்கவசங்களையும் வடிவமைக்கும் பணிக்குத் தலைமை வகித்தார். அவர் உருவாக்கிய மாதிரிகளில் ஒன்றுகூட அந்தப் போரில் படையின் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனாலும் அவர் எழுதிய நூலைத் தொடாமல் நவீனக் கவசத்தின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை.

மீனியல் பணி

நியூயார்க் நகரில் பிறந்த டீன், 1886-ல் அந்நகரக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1890-ல் கொலம்பியாவில் முனைவரானார். அங்கே அவருக்கு ஆசானாக இருந்தவர் ஜான் ஸ்ட்ராங் நியூபெரி. எலும்புத் தகடுகளால் தலையையும் மார்பையும் போர்த்திக்கொண்ட தொல்மீன்களின் புதைபடிவங்களை ஆராய்ந்தவர் அவர். கவசப் பித்துப் பிடித்த மாணவனுக்குக் கவசம் பூண்ட மீன்களே பாடமாக அமைந்தன. டீன் சிறு வயதிலிருந்தே பழைய ஆயுதங்கள் மேல் ஆசை கொண்டிருந்தவர்.

1895-ல் வெளிவந்த மீன்களைப் பற்றிய அவரது நூலும், சிமேரா இன மீன்களின் கருவளர்ச்சி குறித்த 1906-ஆம் ஆண்டு ஆய்வும் துறையில் மதிப்புப் பெற்றன. 1904-ல் கொலம்பியாவில் முதுகெலும்பி விலங்கியல் பேராசிரியரானார். மீன்களைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டவற்றைத் திரட்டி, 1916 முதல் 1923 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த நூற்பட்டியல் இன்றும் மீனியலார் புரட்டும் நூல். 1921-ஆம் ஆண்டுக்குரிய டேனியல் ஜிராட் எலியட் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

அருங்காட்சியகத்தில்

கடலுயிர் ஆய்வுக்காக ஜப்பானின் மிசாகி ஆய்வகத்துக்குச் சென்ற டீன், மீன்களோடு சாமுராய் கவசங்களையும் சேகரித்துத் திரும்பினார். 1903-ல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மீன், ஊர்வனப் பிரிவின் காப்பாட்சியர் ஆனார். மறு ஆண்டே மெட்ரோபாலிட்டனில் கவசங்களுக்கு மதிப்புறு காப்பாட்சியர் பதவியும் வந்து சேர்ந்தது. நகரின் இருபெரும் அருங்காட்சியகங்களிலும் ஒரே காலத்தில் பதவி வகித்தவர் அவர்.

1912-ல் கவசங்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. அடுத்த ஆண்டு சேகரிப்பாளர் வில்லியம் ரிக்ஸ் தம் வாழ்நாள் கவசச் சேகரிப்பை அருங்காட்சியகத்துக்கே கொடையாகத் தந்தார். டீன் இவற்றை அழகுப் பொருள்களாக மட்டும் அடுக்கி வைக்கவில்லை. எந்த வடிவம் எதிலிருந்து கிளைத்தது, எது எந்த ஆயுதத்தின் வரவால் அற்றுப்போனது என்று, உயிரினங்களுக்கு வரைவதைப் போலவே தலைக்கவசங்களுக்கும் பரிணாமக் கிளைப்படங்கள் வரைந்தார். பிரான்சிலிருந்து வந்த கவசக் கொல்லர் டேனியல் தாஷோ, பழைய முறைப்படி எஃகுத் தகட்டைத் தட்டி வளைக்கும் பட்டறை ஒன்றை அருங்காட்சியகத்துக்குள்ளேயே நடத்தினார்.

முதல் உலகப் போர்

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது அதன் படையிடம் சொந்தத் தலைக்கவசம் இல்லை. ஜான் பிராடி என்பவர் பிரிட்டனுக்காக வடிவமைத்த கவிழ்த்த தட்டு போன்ற தொப்பியையே அவசரத்துக்கு ஏற்றுக்கொண்டது. மேலிருந்து விழும் குண்டுச் சிதறலை அது தடுக்கும். காதும் கன்னமும் பிடரியும் திறந்தே கிடக்கும்.

படைக்கலத் துறையில் மேஜராக அமர்த்தப்பட்ட டீன், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போய் நிலவரத்தை நேரில் அறிந்து வந்தார். அங்கே மருத்துவர்கள் தந்த விவரங்களிலிருந்து அவர் கண்டது இது: காயங்களில் பெரும்பகுதி நேராகப் பாயும் துப்பாக்கித் தோட்டாவால் வருவதில்லை. வேகம் குறைந்த குண்டுச் சிதறல்களாலும் குண்டுகளிலிருந்து தெறிக்கும் உருண்டைகளாலும் வருகின்றன. தோட்டாவை நிறுத்தும் கவசத்தைச் சுமந்து காலாட்படை வீரன் நடக்க முடியாது. சிதறலைத் தடுக்க மெல்லிய தகடே போதும். கவசத்தின் காலம் துப்பாக்கியோடு முடிந்தது என்ற பொதுக்கருத்தை இந்தக் கணக்கு அசைத்தது.

அதன் பின் தாஷோவின் பட்டறையில் மாதிரிகள் ஒவ்வொன்றாக உருவாயின. இரண்டாம் எண் மாதிரி 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தலைக்கவசத்தைப் பின்பற்றிப் பக்கவாட்டிலும் பிடரியிலும் இறங்கி வந்தது. எட்டாம் எண் மாதிரிக்குக் கீழே இறக்கிக்கொள்ளும் முகமறைப்பும் உண்டு. இவற்றை டெட்ராய்ட்டில் ஃபோர்டு நிறுவனம் அச்சில் அழுத்திச் செய்தது. பழைய கொல்லரின் வடிவத்தை இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலையில் அழுத்தி எடுப்பது எளிதாக இல்லை. தலைக்கவசங்களுக்குப் பயன்பட்ட, ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டறிந்த மாங்கனீசு எஃகு அடிபட அடிபட இறுகும். தாக்குதலைத் தாங்க உதவும் அதே குணம், ஆழமான வடிவத்துக்கு அழுத்தும்போது தகட்டைக் கிழித்துவிடும். பிராடியின் ஆழமற்ற தட்டு வடிவத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

தொழில்நுட்பச் சிக்கலைவிடப் பெரிய தடை போர்க்களத் தலைமையிடமிருந்து வந்தது. இரண்டாம் எண் மாதிரி ஜெர்மானியத் தலைக்கவசத்தைப் போலத் தெரிகிறது, சொந்த வீரனையே எதிரியென்று எண்ணிச் சுட நேரும் என்றார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். இரண்டுமே தலையையும் பிடரியையும் மறைக்கும் தேவையிலிருந்து பிறந்ததால் உருவத்தில் நெருங்கிவிட்டன. ஜெர்மானியக் கவசத்தை வடிவமைத்த ஃபிரீட்ரிஷ் ஷ்வெர்டும் ஹனோவரில் கல்வியாளராக இருந்தவரே. டீன் தாமே பரிந்துரைத்த ஐந்தாம் எண் மாதிரியும் ஏற்கப்படவில்லை. மார்புத் தகடு, கைக்காப்பு, கால்காப்பு போன்றவற்றை வீரர்கள் சுமையென்று ஒதுக்கினர். 1918 நவம்பரில் போர் முடிந்ததும் எல்லாம் சோதனைப் பொருள்களாகவே நின்றன.

1920-ல் யேல் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூலில், போரிட்ட நாடுகள் பயன்படுத்திய கவசங்களைத் தோற்றவற்றையும் சேர்த்து டீன் பதிவு செய்தார். அவரது பணிகளில் நிலைத்தது இதுவே எனலாம்.

பிற்காலமும் தொடர்ச்சியும்

1926-ல் பாலஸ்தீனத்தில் மான்ட்ஃபோர்ட் சிலுவைப்போர்க் கோட்டையின் அகழாய்வை டீன் ஏற்பாடு செய்தார். அதற்கு முன்பே, மனைவியின் முன்னோர் வாழ்ந்த டைக்மன் பண்ணை வீட்டைக் குடும்பத்தினருடன் சேர்ந்து புதுப்பித்து நகருக்கு அளித்திருந்தார். 1927-ல் ஓய்வு பெற்று, மறு ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் காலமானார்.

இரண்டாம் உலகப் போரில் மெட்ரோபாலிட்டனின் பட்டறை மீண்டும் படைக்காக இயங்கியது. அப்போது டீனுக்குப் பின்வந்த காப்பாட்சியர் ஸ்டீபன் கிரான்சே பொறுப்பில் இருந்தார். 1941-ல் ஏற்கப்பட்ட எம்-1 தலைக்கவசம் அதே மாங்கனீசு எஃகில், பழைய தட்டைவிட ஆழமாக, பக்கங்களில் இறங்கி அமைந்தது. 1942-ல் இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க விமானப்படை மருத்துவர் மால்கம் குரோ, குண்டுவீச்சு விமானக் குழுவினரின் காயங்களை ஆராய்ந்து, டீனைப் போலவே, பெரும்பாலானவை வேகம் குறைந்த சிதறல்களால் வந்தவை என்று கண்டார். வாள் செய்வதில் பெயர்பெற்ற வில்கின்சன் நிறுவனம் மாங்கனீசு எஃகுத் தகடுகளைத் துணியில் வைத்துத் தைத்து அவர்களுக்கு மேலங்கி செய்து தந்தது.