பிப்ராவா செப்பு

1898 ஜனவரியில், நேபாள எல்லையை ஒட்டிய பிப்ராவாவில், பெப்பே என்ற ஆங்கிலேயப் பண்ணைக்காரர் பழைய செங்கல் மேடு ஒன்றைத் தோண்டினார். உள்ளே பெரிய மணற்கல் பேழை. அதனுள் எலும்புத் துண்டுகள், சாம்பல், பொன்னிதழ்கள், மணிகள், அவற்றோடு சில மாக்கல் செப்புகள். ஒரு செப்பின் மூடியைச் சுற்றிப் பிராமி எழுத்து ஓடியது. இடம் போதாமல் கடைசி எழுத்துகளை வரிக்கு மேலே ஏற்றிப் பொறித்திருந்தார்கள். புத்த பகவானின் அஸ்தி இது, வைத்தவர்கள் அவருடைய சாக்கியக் குலத்தார் என்று பலர் அதைப் படித்தார்கள். ஆனால் கல்வெட்டறிஞர் பிளீட், இது புத்தரின் உறவினர்களுடைய எலும்பு என்றார்.

சந்தேகம் அந்த வாசிப்போடு நிற்கவில்லை. அப்போது அதே வட்டாரத்தில் தோண்டிக்கொண்டிருந்தவர் அரசுத் தொல்லியலாளர் ஃபியூரர். பர்மியத் துறவி ஒருவருக்குப் போலிப் புனித எலும்புகளைத் தந்தவர். சாகர்வா என்ற இடத்தில் கிடைத்ததாக அவர் காட்டிய எழுத்துகளும் போலி என்று வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித் வெளிப்படுத்தினார். 1898-லேயே ஃபியூரரின் பதவி போயிற்று. அப்படிப்பட்டவரின் நிழல் செப்பின் மேலும் விழாமல் இருக்குமா? நூறாண்டு கழித்தும் அந்த எழுத்தே அவர் கைவேலை என்று வாதிட்டவர்கள் உண்டு. புத்தர் வளர்ந்த கபிலவஸ்து பிப்ராவாவா, நேபாளத்துத் திலௌராகோட்டா என்ற வழக்கு வேறு அந்தச் சந்தேகத்தைத் தீயாய் வளர்த்தது.

எலும்புகள் 1899-இல் சயாம் மன்னர் சூலலங்கார்னுக்குப் போயின. அங்கிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் பங்கு சென்றது. செப்பு கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு வந்தது. மணிகளில் ஒரு பங்கு பெப்பே குடும்பத்திடமே இருந்தது. 2025 மே மாதம் அது ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தபோது இந்திய அரசு தடுத்தது. ஜூலையில் மணிகள் நாடு திரும்பின.

1971-73இல் தொல்லியலாளர் கே. எம். ஸ்ரீவஸ்தவா அதே மேட்டை இன்னும் ஆழமாகத் தோண்டியதுதான் எனக்குப் பெரிய சாட்சி. பெப்பே எட்டாத மண்ணடுக்கில் செங்கல் அறைகளும், எரிந்த எலும்புகளோடு மாக்கல் செப்புகளும் இருந்தன. அவற்றின் காலம் கி.மு. 5-4ஆம் நூற்றாண்டு என்றார் அவர். பக்கத்து விகாரையில் கபிலவஸ்து பிக்கு சங்கத்தின் பெயர் பொறித்த களிமண் முத்திரைகளும் கிடைத்தன. பெப்பே கண்ட எழுத்தும் மெய்யானதே என்று கல்வெட்டறிஞர் ஹாரி ஃபால்க் ஆராய்ந்து சொன்னார்.

மேடு மெய், செப்பும் மெய் என்பதே என் துணிபு. ஆனால் கீழே கிடைத்த செப்புகளில் எழுத்து இல்லை. அந்த எலும்புகள் புத்தருடையவை என்று அறுதியிட்டுச் சொல்ல அவை போதாது. வணங்குவோர் வணங்கட்டும். கொல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் பிரிந்துபோன பிப்ராவாப் பொருள்களை ஒரே இடத்தில் வைத்து ஆராய அரசு வழிசெய்ய வேண்டும்.