சாவி கொடுப்பவரின் கண்: வணிக வாகன ஓட்டுநரின் போதையை அறியும் பயிற்சி வளராத கதை

பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை அடுத்த ஜீவனஹள்ளியில் தண்டவாளமும் சாலையும் கிட்டத்தட்ட ஒட்டியே செல்கின்றன. தண்டவாளத்தில் வண்டியை எடுப்பவர் பணியேறும் முன் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிக் காட்டியாக வேண்டும். சாலையில் பள்ளி வேன், தண்ணீர் லாரி, வாடகை கார் ஓட்டுபவரிடம் சாவியை நீட்டும் மேற்பார்வையாளரோ, அவர் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்கக் கற்றிருக்க வேண்டும் என மோட்டார் வாகனச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒரே ஊரில் இரண்டு விதமான எச்சரிக்கை உருவானது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரயில்வே இதை முன்பே உணர்ந்தது. பணியில் குடித்திருப்பதை 1890 ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவே குற்றமாக்கியது. 1989 சட்டத்தில் அது 172-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் தண்டனையைவிட முக்கியமானது 1976 பொது விதிகளின் 2.09. ரயில் இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள ஊழியர், பணி தொடங்குவதற்கு எட்டு மணி நேரத்துக்குள் மதுவையோ மயக்க மருந்தையோ கிளர்ச்சி தரும் மருந்தையோ தொடக் கூடாது என்கிறது அந்த விதி. விபத்துக்குப் பின் விசாரிப்பதை விட்டு, வண்டி நகரும் முன் கேட்கும் முறை இது. லோகோ பைலட் எனப்படும் எஞ்சின் ஓட்டுநர், பணிப் பதிவு நடக்கும் லாபியில் கையெழுத்திட்டு, கருவியில் ஊதி, தேறிய பிறகே எஞ்சினுக்குப் போகிறார். கருவி ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பாளர் முன் அவர் வந்து நிற்கிறார் என்பதையே இந்த ஏற்பாட்டின் பெரும் பலமாக நான் கருதுகிறேன்.

சாலையின் கதை வேறு. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஓட்டுநர் போதையில் இருந்தாரா என்று கேட்டது. அதற்கு விடை மருத்துவரின் குறிப்பில் இருந்தது: வாயில் வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, விரிந்த கண்மணி. மகாராஷ்டிர வழக்கொன்றில் 1971-இல் உச்ச நீதிமன்றம், இந்த அடையாளங்களை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என முடிவு கட்ட முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட வேண்டும் என்றது. ஒருவரைத் தண்டிக்க அது சரியான அளவுகோல். குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் 1988 சட்டத்தின் 185-ஆம் பிரிவும், 1994 திருத்தத்தில் வந்த மது வரம்பும் (100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்) அந்த வழியில் வந்தவை. கண்ணால் பார்ப்பதற்கு இருந்த மதிப்பு அதோடு போயிற்று. ஊதச் சொல்வது இரவு நேரச் சோதனையில் நிற்கும் போக்குவரத்துக் காவலரின் வேலை என்றானது. வண்டியை வெளியே அனுப்பியவரைச் சட்டம் தேடுவது, குற்றத்துக்கு உடந்தையானவரைத் தண்டிக்கும் 188-ஆம் பிரிவில் மட்டுமே.

கஞ்சாவுக்கும் மாத்திரைகளுக்கும் நிலைமை இன்னும் மோசம். 2019 திருத்தம், முதல் முறை செய்யும் குற்றத்துக்கான அபராதத்தை 10,000 ரூபாய் ஆக்கி, போதைப்பொருளின் வரையறையையும் விரித்தது. ஆனால் மதுவுக்கு உள்ளதுபோல் இதற்கு எண் வரம்பு கிடையாது. கட்டுப்பாடு இழந்தாரா என்ற 1939-இன் கேள்விதான் இன்றும். மூச்சைச் சோதிக்கும் கருவி இவற்றைக் காட்டாது. பார்ப்பவருக்குப் பயிற்சி இல்லையென்றால் இந்தச் சட்டத்தால் பாதுகாப்பு இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பயிற்சி ஒரு பெரும் விபத்தின் விளைவு. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில் ரயில்கள் மோதி 16 பேர் இறந்தனர். சரக்கு எஞ்சின்களை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். 1991-இல் போக்குவரத்து ஊழியர் சோதனைச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த விதிகள் வணிக வாகன ஓட்டுநர்களின் மேற்பார்வையாளருக்கு மது பற்றி 60 நிமிடம், பிற போதைப்பொருள் பற்றி 60 நிமிடம் பயிற்சி கட்டாயம் என்கின்றன. தோற்றம், நடத்தை, பேச்சு, வாடை ஆகியவற்றில் அப்போது நேரில் கண்டதை மட்டுமே அவர் சொல்லலாம், ஊர்ப்பேச்சு செல்லாது. கண்டதை 24 மணி நேரத்துக்குள் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மதுச் சோதனைக்குச் சந்தேகம் எழுப்பியவரே அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஓட்டுநரைப் பழிவாங்கலிலிருந்து காப்பதால், இந்தக் கடைசி விதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. அங்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் டிப்போக்களில் மூச்சுச் சோதனையைத் தீவிரமாக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கோதமங்கலம் டிப்போவில் குடிக்காதவர்களும் குடித்ததாகக் கருவி காட்ட, பழுது கருவியில்தான் என்று தெரிந்தது. ஜூலையில் பந்தளம் டிப்போவில், தேன்வரிக்கைப் பலாச்சுளை தின்ற ஓட்டுநர்கள் சோதனையில் சிக்கினர். நன்கு பழுத்த பலாவின் சர்க்கரை புளித்துச் சிறிது சாராயமாகும். அது வாயில் தங்கியிருந்தால் கருவி காட்டிவிடும். வாய் கொப்பளிக்கச் சொல்லிக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னால் தீரும் சங்கதி. இதைத் தெரிந்துவைத்திருப்பதும் பயிற்சியில் அடங்கும். சர்க்கரை திடீரென இறங்கிய நீரிழிவு நோயாளிக்கும் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அவருக்குத் தேவை உடனடியாகச் சர்க்கரையும் மருத்துவரும். குடிகாரன் என்று திட்டினால் உயிருக்கே ஆபத்து. நோயைக் கண்டுபிடிப்பது மேற்பார்வையாளரின் வேலையல்ல. இன்று இவர் ஓட்ட வேண்டாம் என்று நிறுத்துவதும், ஏன் நிறுத்தினோம் என்று எழுதிவைப்பதும் போதும்.

செயலி வழி வாடகைக் கார்களுக்காக மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஓட்டுநருக்கு 30 மணி நேரப் பயிற்சி கேட்டன. ஓட்டுநர் மீது சுமத்தத் தயங்காத கடமையை, அவரை அனுப்புபவர் மீதும் சுமத்துவதே நியாயம். ஜீவனஹள்ளியின் சந்துகளில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்களின் உரிமையாளர்களுக்கும் டிராவல்ஸ் மேலாளர்களுக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சியைப் பர்மிட் புதுப்பிக்கும் நிபந்தனையாக்க வேண்டும். கர்நாடகப் போக்குவரத்துத் துறை இதைப் பள்ளி வாகனங்களிலிருந்து தொடங்கட்டும்.