பழைய பிக்கப் வண்டிகளில் தகட்டு இடைவெளி சீரமைப்பு

கதவு, மட்கார்டு, பானட் ஆகியவற்றின் விளிம்புகளுக்கு நடுவே ஓடும் சந்துகளை ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் டிங்கரிங் வேலை. அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த ஷெவர்லே சி10 இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. உழைப்புக்கென்று செய்த வண்டி என்பதால் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இதன் சந்துகள் ஒழுங்காக இருந்ததில்லை; இன்று மீட்டெடுப்பவர்கள் தேடும் சீர்மை அதன் பிறவிக்குணம் அல்ல.

வேலை கேபினில் தொடங்குகிறது. சேசிஸ் மேல் அதைத் தாங்கும் ரப்பர் மெத்தைகள் நைந்திருந்தால் முதலில் மாற்ற வேண்டும். அடுத்துக் கதவு, பிறகு மட்கார்டு, கடைசியில் பானட். கதவுக்குக் கீழுள்ள படிப்பெட்டி துருப்பிடித்துப் போவது இவ்வண்டியின் தீராத நோய். கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் அதை அறுத்தெடுத்தால் வாசலே கோணிக்கொள்ளும். அதன்பின் கீலை எவ்வளவு நகர்த்தினாலும் கதவு பொருந்தாது. கீலின் ஊசி தேய்ந்திருந்தால் கதவின் பின்பக்கம் தொங்கும்.

ரேடியேட்டர் தாங்கிக்கு அடியில் ஷிம் தகடு வைத்து முன்பக்கத்தை உயர்த்தினால், மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையே மேல்சந்து குறுகி, கீழ்ச்சந்து விரியும். இன்ஜின் ஏறிய பிறகு சேசிஸ் சற்று வளையும் என்பதால் இறுதி அளவை அப்போதுதான் எடுக்க வேண்டும். ரப்பர் பீடிங்கையும் முன்னதாகவே பொருத்திப் பார்ப்பது நல்லது; புதுப் பீடிங் கதவை வெளியே தள்ளும்.

விளிம்பே குறைந்திருந்தால் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து அரைப்பார்கள். பட்டி பூசி நிரப்பினால் அது விரைவில் உடையும். சரக்குப் பெட்டிக்கும் கேபினுக்கும் இடையிலான அகன்ற சந்தைக் குறைக்கக் கூடாது. பாரம் ஏறும்போது இரண்டும் தனித்தனியே அசைய அது தேவை.