உடற்கல்வியும் உழைக்கும் உடலும்: ஹரி குரோ பக் பற்றிய ஒரு குறிப்பு

விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் நிருவாகியாவதைத் தனிமனித முன்னேற்றமாக மட்டும் காண்பது வரலாற்று நோக்காகாது. 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய ஹரி குரோ பக்கின் பணி இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டிலே பயின்றவர் அவர். 1891இல் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய அதே நிறுவனம். ஆடுகளத்திலிருந்து அதிபர் பதவிக்கு வந்த பக், 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற இந்திய அணியின் முகாமையாளராகவும் விளங்கினார். 1943இல் மறைந்தார். அந்நியச் சமய நிறுவனத்தின் பணம் அவருக்குப் பின்பலமாயிருந்தது உண்மையே. எனினும், உடற்கல்வி ஆசிரியர் என்றொரு தொழிற்பிரிவு இங்கு உருவாக அவர் உழைத்ததை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் யாருடைய உடலுக்கான கல்வி அது? அதே 1920இல் இலங்கையின் கல்விச் சட்டம், தோட்டச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடமே விட்டது. உடப்புசல்லாவை போன்ற மலைச்சரிவுகளிற் சமதரை தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்குமே உரியது. எஞ்சியது தேயிலையும் லயமும். விடியற்காலைப் பெரட்டு முதற் கொழுந்து நிறுக்கும் வரை உழைக்கும் உடலுக்குத் தேகாப்பியாசம் எதற்கென்று துரைமார் எண்ணியிருக்கலாம்! உதைபந்தாட்டத்துக்கு வேண்டிய நிலம் சரிவிற் கிடைப்பதரிது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த கமக் அறிமுகப்படுத்திய கரப்பந்தாட்டத்துக்கோ ஒரு வலையும் ஒரு துண்டு நிலமும் போதும். 1991இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட அதனைத் தோட்ட இளைஞர் விரும்புவதை வெறும் இரசனையாக விளக்குவோர் நிலவுடைமையை மறந்துவிடுகின்றனர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான்; அரசின் பயிற்சிபெற்ற ஆசிரியர் அங்கு வர வழி பிறந்ததும் அதன் பின்னரே.