சாவு வீட்டிலிருந்து ராக் மேடைக்கு

அமிர்தியில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, பறைன்னா நம்மில் பலருக்குச் சாவு வீடுதான் ஞாபகம் வரும். கானாவுக்கும் அதே கதைதான். வடசென்னையில் இறந்தவரைப் பற்றி ராத்திரி முழுக்கப் பாடும் வழக்கம் அதற்கு உண்டு. இரண்டையும் ராக் மேடையில் ஏற்றிய குழு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’.

2017-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கினார்கள். பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்து. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. பறை, சட்டியோடு கிடாரும் ராப்பும். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி என்று பாட்டுகள். ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி பாடினார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

அயர்லாந்தின் ‘தி கிரான்பெரீஸ்’ குழுவும் துக்கத்தைத்தான் ராக் ஆக்கியது. 1993 வாரிங்டன் குண்டுவெடிப்பில் இரண்டு சிறுவர்கள் இறந்ததிலிருந்து பிறந்தது அவர்களின் ‘ஸாம்பி’. ஆனால் அங்கே கிடாரைத் தொட யாருக்கும் சாதி தடையில்லை.

இங்கே மேடையில் பறை அடிப்பவரைக் கலைஞர் என்கிறோம். ஊரில் சாவுக்கு அடிப்பவரை இன்னும் சாதியை வைத்துத்தானே கூப்பிடுகிறோம்? அது மாறுகிறதா என்பதை வைத்துத்தான் இந்தக் குழுவின் வெற்றியை நான் அளப்பேன்.