ஹாலிஎலச் சாலைகளின் சரித்திரம்

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக இறங்கி வரும் பெருஞ்சாலையும், பெரகலையில் தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு வரும் மற்றொரு சாலையும் சந்திக்கும் இடமே ஹாலிஎல. பதுளை நகருக்குத் தென்மேற்கே சில மைல் தூரத்தில், பதுளு ஓயா என்னும் ஆற்றின் கரையில் அமைந்த இச்சிறு நகரத்தைச் சுற்றியுள்ள பிரதேசம், அப்புத்தளையின் செங்குத்தான மலைமதிலைக் கண்டு அஞ்சியவனுக்கு ஆறுதலளிப்பது. படிப்படியாக இறங்கும் நெல்வயல்களும், அவற்றின் மேலே வட்டம் வட்டமாகச் சீராக்கப்பட்ட தேயிலைக் குன்றுகளும், கிதுல், பலா மரங்களின் நிழலில் மறைந்த கிராமங்களும் இங்கே அடுத்தடுத்து வருகின்றன. மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்ட தடித்த டயர்களையுடைய துவிச்சக்கர வண்டிகளில், தேசாந்தரங்களிலிருந்து வருவோரும் நம் நாட்டு வாலிபர்களும் அண்மைக் காலமாக இப்பக்கங்களில் உலாவுவதைக் காணும்போதெல்லாம், அவர்களுடைய சக்கரங்களின் கீழே கிடக்கும் சரித்திரத்தை அவர்களுக்கு யாராவது சொன்னால் என்ன என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு. இப்பாதைகளின் இனிய சாய்வு இயற்கை அளித்ததன்று. அது பொதிமாட்டுக்காகவும் பாரவண்டிக்காகவும் மனிதர் அளந்து வெட்டியது.

மலைச் சைக்கிள் என்னும் விளையாட்டே, வேறொரு காரியத்துக்காக வெட்டிய வழிகளில் பிறந்ததுதான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, மரின் மாவட்டத்து டமால்பைஸ் மலையில், காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வாகனங்களுக்காக அமைத்த மண்சாலைகளில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைச் செப்பனிட்டு ஓட்டி இறங்கினார்கள். அந்த உற்சாகம் உலகமெங்கும் பரவி, 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெறுமளவுக்கு உயர்ந்தது. அங்கே தீயணைக்கும் பாதை. ஹாலிஎலயிலோ உப்பும் பாக்கும், பின்னர் கோப்பியும் தேயிலையும் சென்ற பாதை.

அவற்றுள் மிகப் புராதனமானதைக் காண விரும்புவோர், ஹாலிஎலயிலிருந்து கிராமத்துச் சாலைகளின் வழியே போகொடை என்னும் இடத்துக்குப் போக வேண்டும். கல்லந்த ஓயாவின் மேல், ஓட்டுக்கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று அங்கே நிற்கிறது. தூண்களும் உத்திரங்களும் பலகைகளும் மரமே. அவற்றைப் பிணைத்திருக்கும் ஆணிகளும் மரமே. இலங்கையில் இன்று எஞ்சியுள்ள மரப்பாலங்களுள் இதுவே பழமையானது என்பர். அருகே ஒரு குகை விஹாரையும், பிராமி எழுத்துச் சாசனமும் உள்ளன. கண்டி இராசதானியையும் பதுளையையும் இணைத்த பழைய வழி இப்பாலத்தின் மேலேதான் சென்றது. பாலத்துக்குக் கூரை எதற்கு என்று கேட்போர், அக்காலத்துப் பிரயாணம் எப்படி நடந்தது என்பதைச் சிறிது மனத்தில் கொண்டுவர வேண்டும். சாக்குகளை முதுகின் இருபுறமும் தொங்கவிட்ட காளைகள் வரிசையாக நடந்து செல்லும் ‘தவலம்’ என்ற பொதிமாட்டுக் கூட்டமே மலைநாட்டின் வாணிகத்தைத் தாங்கியது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறின, மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. இத்தொழிலில் சோனக வணிகர் பெரும்பங்கு வகித்தனர். மழை பிடித்துக்கொண்டால் ஆள் ஒதுங்குவதற்கும், மரம் உளுத்துப் போகாதிருப்பதற்கும் அந்தக் கூரை உதவியது. சைக்கிளை இறக்கிவைத்துவிட்டு அந்தப் பலகைகளின் மேல் காலால் நடப்பதே அப்பாலத்துக்குச் செய்யும் மரியாதை.

பாதை இருக்குமிடத்தில் படையும் வரும். 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில், ரந்தெனிவெலவில் கண்டிப் படையால் சூழப்பட்டு மாண்டான். பொதிமாட்டுப் போக்குவரத்தேகூட ஒரு பெருங்கலகத்துக்குத் தூண்டுகோலாயிற்று என்பதைப் பலர் அறியார். பின்னாளில் கண்டி நாட்டைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், வெல்லஸ்ஸைப் பகுதியின் பொதிமாட்டு இலாகாவுக்குச் சோனகரான ஹாஜி மரைக்காரை முகாந்திரம் என்ற அதிகாரியாக நியமித்தமை, தங்கள் அதிகாரம் பறிபோகிறதென்று ஏற்கெனவே மனம் புழுங்கிக்கொண்டிருந்த பிரதானிகளை வெகுண்டெழச் செய்தது. அக்கொந்தளிப்பை விசாரிக்கச் சென்ற பதுளை அதிகாரி வில்சன் 1817இல் கொல்லப்பட்டார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும், பதுளையை உள்ளடக்கிய ஊவாப் பிரதேசத்தில் நடந்த கிளர்ச்சியை அடக்கும்பொருட்டு வயல்களும் குளங்களும் கிராமங்களும் அழிக்கப்பட்டன; கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். இன்று பச்சைப்பசேலென்று தோன்றும் இவ்வயல்வெளிகள் மறுபடி உயிர்பெற நெடுங்காலம் ஆயிற்று.

வென்ற நாட்டை ஆளுவதற்குச் சாலை வேண்டும். அரசனுக்குச் செய்யும் ஊழியமாக ஜனங்களிடமிருந்து பெற்றுவந்த ‘ராஜகாரிய’ முறை ஆங்கிலேய விசாரணை ஆணையாளர் கோல்புறூக்கின் சிபாரிசினால் 1832இல் ஒழிந்தபின், வேலைக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜேர்ஸ் ஊவாவில் சாலைகள் அமைப்பதில் பேரார்வம் காட்டியவர். ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற கீர்த்தியும் அவருக்கு உண்டு. அதைக் கீர்த்தி என்று எழுத என் கை கூசுகிறது. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். அவருடைய நினைவாக எழுந்த பரிசுத்த மாற்கு தேவாலயம் பதுளையில் இன்றும் இருக்கிறது. 1848இல் வந்த சாலைச் சட்டமோ, பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வரையுள்ள ஆண்கள் யாவரும் வருஷத்தில் ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது.

ஆயினும் ஹாலிஎலயைச் சுற்றிய குன்றுகளில் இப்போது சைக்கிள்கள் ஏறி இறங்கும் வழிகளிற் பெரும்பாலானவை அரசாங்கம் வகுத்தவை அல்ல; கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டவை. அவற்றை வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து, ஆள் திரட்டும் கங்காணியின் பின்னே புறப்பட்டு, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக்காட்டைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்து, அதற்கப்பாலும் மலைக்கு மேல் மலையாக ஏறி ஊவாவை வந்தடைந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்களுக்குக் கல்லுமில்லை, கணக்குமில்லை. வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் கிடைத்த வேலை காடு வெட்டுவதும் ரோட்டு வெட்டுவதும். தோட்டத் துரை சாய்வளக்கும் கருவியைக் கண்ணில் வைத்துக் குச்சி நடுவார். நட்ட குச்சிகளின் வழியே மண்வெட்டியும் அலவாங்கும் மலையின் விலாவைக் கீறிச் செல்லும். மாடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டும், பாரம் ஏற்றிய வண்டி இறங்கும்போது மாட்டைத் தள்ளிவிடக் கூடாது என்ற இரண்டு நியாயங்களே சாய்வை நிர்ணயித்தன. அதனால்தான் சாலை மலையை நேரே தாக்காமல் வளைந்து வளைந்து செல்கிறது; அதனால்தான் சாதாரண உடல்வலிமையுள்ள ஒருவர் இன்று அதில் வண்டியை மிதித்து ஏற முடிகிறது. மலைப்பக்கமாக ஒட்டி ஓடும் நீர்வடிகாலைத் தோட்டத்தார் ‘கான்’ என்பர். ஊவாவின் பெருமழையில் ரோட்டைக் காப்பது அந்தக் கானே. அது அடைபட்டால், ஒரே பருவத்தில் சாலை ஓடையாகிவிடும்.

கோப்பியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டு இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டது, இதே பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த மடூல்சீமையிலேதான். பதினைந்து இருபது வருஷங்களுக்குள் கோப்பி மறைந்து தேயிலை வந்தது. சாலைகள் மாறவில்லை, ஏறியிறங்கிய சரக்கு மாறியது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு வரவோ மேலும் முப்பது வருஷங்கள் சென்றன. 1924இல்தான் முதல் ரயில் ஹாலிஎலயைக் கடந்து பதுளையை அடைந்தது. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட அப்பகுதியிலேயே இரும்பு சேராமல் கல்லாலும் செங்கலாலும் சீமெந்தாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலமும், தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகப் பாதை மீண்டும் நுழையும் தெமோதரை வளையமும் இருக்கின்றன. தெமோதரையிலிருந்து ஹாலிஎலவுக்கு வரும் பள்ளத்தாக்கே, என் அபிப்பிராயத்தில், இப்பிரதேசத்துச் சைக்கிள் பிரயாணத்தின் சிகரம்.

பருவம் அறிந்து வருவது நல்லது. தென்மேற்குப் பருவமழை மேற்கு மலைகளில் பொழிந்து தீரும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், மழையிழந்த வறண்ட காற்றே இங்கே வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும் அக்காற்றே. மண்பாதைகள் அப்போது இறுகிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வழுக்கும்.

யாத்திரிகருக்குப் பதுளையில் பதினாறு பௌத்தப் புனிதத் தலங்களுள் ஒன்றான முதியங்கனை உண்டு. பண்டாரவளைச் சாலையோரம், தோவ விஹாரையின் பாறைமுகத்தில், செதுக்கி முடிக்காமல் விட்ட, முப்பத்தெட்டு அடி உயரமுள்ள புத்தர் நிற்கிறார். இவையெல்லாம் வழிகாட்டிப் புத்தகங்களில் உள்ளன. அவற்றில் இராத சில ஸ்தலங்களும் உண்டு. தேயிலை மலையின் விளிம்பில், ஒரு மரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு கல். சில இடங்களில் பக்கத்தே ஒரு சூலம். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்குக் கத்தி எடுக்குமுன் வணங்கும் கவ்வாத்துசாமி, முதற்கொழுந்தைக் காணிக்கை பெறும் கொழுந்துசாமி, தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனி என்று அவற்றுக்குப் பெயர்கள். கோப்பிக் காலத்தவர்க்கும் தேயிலைக் காலத்தவர்க்கும் எவரும் சிலை வைக்கவில்லை. அவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட அடையாளங்கள் இக்கற்களே. அவற்றருகே போகும்போது மணியடித்துக் கூச்சலிடாமல் மெல்லச் செல்லுமாறு சைக்கிள்காரரை வேண்டிக்கொள்கிறேன்.

சாலைகளை வெட்டியவர்களின் பிள்ளைகள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று எண்களால் அவர்களைப் பங்கிட்டது. பாட்டன் வெட்டிய ரோட்டின் வழியே டிரங்குப் பெட்டியைச் சுமந்து இறங்கி, ஊவாவின் புகையிரத நிலையங்களிலே உறவினரைக் கட்டியழுது தலைமன்னாருக்கு வண்டியேறிய குடும்பங்கள் பல. தங்கியவர்களுள் நாடற்றவராகவே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை முழுவதும் கிட்டியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே.

கண்டியிலிருந்து நுவரெலியா வரை, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், பழைய தோட்டப் பாதைகளைக் கோத்து ‘பீக்கோ’ நடைபாதை என்று ஒன்றை இப்போது வகுத்திருக்கிறார்கள். ஊவாவின் குன்றுகளையும் அது தொட்டுச் செல்கிறது. நல்ல முயற்சி. அப்பாதைகளின் கான்களை மழைக்கு முன் வெட்டித் துப்புரவாக்குபவர்கள், தங்கியவர்களின் பேரரும் பேத்தியரும்தாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட, ‘லயன்’ என்னும் வரிசை வீட்டு அறைகளிலேயே அவர்களில் மிகப் பலர் வாழ்கின்றனர். அந்த அறை நிற்கும் நிலத்துக்கு உறுதிப் பத்திரம் பெரும்பாலோருக்கு இன்னும் கைக்கு வரவில்லை.